அடுப்பு எங்கே, தம்பி?

எங்கள் பள்ளியின் சாமான் அறை மூலையில் ஒரு தகர அடுப்பு இருக்கிறது. பார்க்க அழகாயிராது. நாலு கால், ஒரு கதவு, தனியே கழற்றி வைத்த மூன்று புகைக்குழாய்கள். புதிதாக மாற்றலாகி வரும் ஆசிரியர்கள், "இதை ஏன் சார் இன்னும் வைத்திருக்கிறீர்கள்? பழைய இரும்புக்காரரிடம் போட்டால் நாலு வெள்ளியாவது கிடைக்குமே" என்பார்கள். நான் சிரித்து மழுப்பிவிடுவேன். அந்த அடுப்பு வந்த கதையைச் சொல்வதென்றால் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதை இதுவரை நான் ஆசிரியர் அறையில்கூட முழுதாகச் சொன்னதில்லை. ஆனால் இந்தப் பக்கங்களைப் படிக்கும் குடும்பங்களில் டுரியான் காவலுக்குப் போய்ப் பொண்டோக்கில் படுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆற்றோரம் கென்வஸ் கட்டி விடிய விடியத் தூண்டில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளை முகாமுக்கு அனுப்பிவிட்டு வீட்டில் தூங்காமல் கிடக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக இப்போது சொல்லத் துணிந்தேன்.

2009-ஆம் ஆண்டு, நவம்பர் விடுமுறை. எனக்கு அப்போது வயது 31. எங்கள் பள்ளியின் சாரணர் பொறுப்பு என்னிடம் இருந்தது. மொத்தம் 11 பையன்கள். அவர்களைக் கேமரன் மலைக்கு அழைத்துப்போய் மூன்று நாள் கூடாரம் போட்டுத் தங்கவைப்பது என்று முடிவு செய்தேன். செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். குளிர் என்றால், சீனக் கடையில் ஐஸ் பெட்டியைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கும் காற்றைத்தான் அறிவார்கள். அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்து லயங்களுக்குப் பக்கத்திலேயே, கோவில் திடலில், தங்க இடம் கொடுத்தார்கள். கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் இருக்கும் இடம். இரவில் 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். அதோடு பருவமழை வேறு.

எங்களிடம் இருந்தவை மூன்று கூடாரங்கள். இரண்டு, பேரங்காடியில் வாங்கிய மெல்லிய நைலான் கூடாரங்கள். ஒன்று, இரவல் வாங்கிய பழைய பருத்திக் கென்வஸ் கூடாரம். காற்றும் மழையும் தாங்கும் என்று, இருப்பதிலேயே சிறிய பிள்ளைகள் ஐந்து பேரைக் கென்வஸ் கூடாரத்தில் விட்டேன். பக்கத்து லயத்தில் ஒரு பாட்டி இருந்தார். நாங்கள் வந்து இறங்கியதிலிருந்து சுடுதண்ணீர் கொடுப்பதும், "ஏம்ப்பா, சட்டைய ஒழுங்காப் போடுங்கப்பா" என்று பையன்களை அதட்டுவதுமாக இருந்தார். மழையில் எங்கள் விறகெல்லாம் நனைந்து சமைக்க வழியில்லாமல் நின்றபோது, தம்முடைய மண் கரியடுப்பையும் ஒரு கூடை கரியையும் அவர்தாம் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். கூடாரத்துக்கு முன்னே கட்டியிருந்த கென்வஸ் தாழ்வாரத்தில் வைத்து அதில் மீ கோரேங் கிளறினோம்.

சாப்பிட்டு முடிந்ததும் சிறுவர்களுக்குப் பல் அடித்துக்கொண்டது. ஒருவன் அழவே தொடங்கிவிட்டான். அடுப்பில் கரி கணகணவென்று சிவந்து கிடந்தது. புகை ஒரு துளி இல்லை. நான் லயத்து வீட்டில் பிறந்தவன். விறகடுப்புக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துப் படித்தவன். நெருப்பைப் பற்றி எனக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்ற எண்ணம் உள்ளூர இருந்தது. புகைதான் ஆகாது, கனல் நல்லது என்பதே என் கணக்கு. அடுப்பை இரண்டு பலகைமேல் வைத்துக் கூடாரத்துக்குள் கொண்டுபோனேன். பிள்ளைகள் கை நீட்டிக் காய்ந்தார்கள். கொஞ்ச நேரம் உடனிருந்து கதை சொன்னேன். பிறகு, குளிர் நுழையாதபடி கூடாரத்தின் ஓரங்களைச் சாக்கால் அடைத்து, வாசல் துணியை இழுத்து நாடாவால் கட்டிவிட்டுப் பெரிய பையன்களின் கூடாரத்துக்குப் போய்ப் படுத்தேன். அந்த நாடாவை நான் கட்டிய முடிச்சு இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. சாரணர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்த சதுர முடிச்சு.

பதினொன்றரை மணி வாக்கில் ஒரு பையன் என்னைக் கூப்பிட்டான். வாந்தி எடுத்திருந்தான். இன்னொருவன் தலை வலிக்கிறது என்றான். மீயில் போட்ட இறால் கெட்டுவிட்டது என்று எண்ணினேன். நெற்றியில் கோடாலித் தைலம் தடவினேன். வெந்நீர் கொடுத்தேன். இங்கேதான் வாசகர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்: வாந்தி எடுத்த பையனை மறுபடியும் அதே கூடாரத்துக்குள் படுக்கவைத்து, போர்த்தி, வாசலை முன்போலவே கட்டினேன்.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ, வெளியே ஒரு குரல். "தம்பி! வாத்தியார் தம்பி!" எழுந்து பார்த்தால், ஒரு கையில் குடை, ஒரு கையில் டார்ச்சு லைட்டுடன் அந்தப் பாட்டி மழையில் நிற்கிறார்.

"அடுப்பு எங்கே, தம்பி?"

பொருளைத் திருப்பிக் கேட்க இந்நேரத்தில் வந்திருக்கிறாரே என்றுதான் முதலில் தோன்றியது. "உள்ளே வச்சிருக்கேன், பாட்டி. பிள்ளைங்களுக்குக் குளிருதுன்னு..."

அவர் முழுவதும் கேட்கவில்லை. குடையைக் கீழே போட்டுவிட்டு நேரே கூடாரத்துக்குப் போய் நாடாவை இழுத்தார். முடிச்சு ஈரத்தில் இறுகி வரவில்லை. "கத்தி இருக்கா? அறுடா!" என்று கத்தினார். அதுவரை 'தம்பி' என்றவர் அப்போது 'டா' என்றார். அறுத்தேன். ஒவ்வொரு பிள்ளையாக மழைக்குள் இழுத்துப் போட்டோம். நால்வர் முனகினார்கள், அழுதார்கள். நான்காம் ஆண்டுப் படிக்கும் மெலிந்த பையன் ஒருவன் மட்டும், துவைத்துப் போட்ட துணி போல என் கையில் தொங்கினான். மூச்சு இருந்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

தோட்டத்து வேன் ஒன்றில் ஐந்து பேரையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "என்ன சாப்பிட்டார்கள்?" என்பதல்ல. "எல்லாரும் ஒரே கூடாரத்தில் படுத்தவர்களா?" என்பது. ஆமாம் என்றதும் முகமூடி மாட்டிப் பிராணவாயு கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு மேல் அந்த மெலிந்த பையன் கண்ணைத் திறந்து மைலோ வேண்டும் என்றான். அதன்பிறகுதான் நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பாட்டிக்கு எப்படித் தெரிந்தது? மறுநாள் கேட்டேன். அவர் வீட்டுச் சமையலறைச் சன்னலிலிருந்து பார்த்தால் எங்கள் கூடாரங்கள் தெரியும். வழக்கம்போல் நடு இரவில் எழுந்தவர், வெளியே கனல் வெளிச்சம் தெரிய வேண்டிய இடத்தில் இருட்டாக இருந்ததைக் கவனித்திருக்கிறார். மழையில் அணைந்திருக்கலாம். ஆனால் தாழ்வாரத்தில் அடுப்பே இல்லை. "நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப, பிள்ளை பெத்த பொண்ணுக்குக் குளிருதுன்னு கரியடுப்ப உள்ள வச்சுக் கதவச் சாத்துனாங்க, தம்பி. இதே லயம்தான்" என்றார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஊர் திரும்பியபின் கண்ணில் பட்ட புத்தகங்களையெல்லாம் தேடிப் படித்தேன். பயிற்சிக் கல்லூரியில் அறிவியல் பாடத்தில் ஒருமுறை எழுதித் தேர்ச்சி பெற்ற விஷயம்தான். கரி போதுமான காற்றில்லாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகிறது. நிறமில்லை, மணமில்லை, கண் எரியாது, இருமல் வராது. நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்புப் பொருளோடு இந்த வாயு, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு ஒட்டிக்கொள்கிறது. மூச்சு விட்டுக்கொண்டே இருக்கலாம், ஆனால் உடம்புக்குக் காற்றுப் போய்ச் சேராது. முதலில் தலைவலி, மயக்கம், வாந்தி, பிறகு தூக்கம். தூங்கியவனுக்கு எதுவும் தெரியாது. கனன்று கிடக்கும் கரிமேல் சில சமயம் நீல நிறச் சுவாலை ஒன்று தத்தித் தத்தி ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது இந்த வாயு வெளியே வந்து எரிவதுதான். சிறுவயதில் அதை அழகு என்று உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் எங்கள் அம்மா ஆயுள் முழுவதும் ரப்பர்க் கட்டை வைத்து எரித்தாரே, எங்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? இதை யோசித்தபோதுதான் என் கணக்கு எங்கே தப்பியது என்று தெரிந்தது. லயத்துக் குசினியின் பலகைச் சுவரில் விரல் நுழையும் இடுக்குகள். தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. கதவுக்கடியில் கோழிக்குஞ்சு புகுந்து வரும். நாங்கள் வறுமை என்று வெட்கப்பட்ட ஓட்டைகள்தாம் எங்களைக் காப்பாற்றிவந்திருக்கின்றன. நானோ அந்தக் கூடாரத்தில் எல்லா ஓட்டைகளையும் சாக்கு வைத்து அடைத்தேன். போதாததற்குப் பருத்திக் கென்வஸ் நனைந்தால் நூல் உப்பி இழைகள் நெருங்கிவிடும். மழைக்கு அது நல்லது, மூச்சுக்குக் கெட்டது.

அந்த மெலிந்த பையனின் அம்மா எங்கள் தோட்டத்தில் செம்பனை உதிரிப்பழம் பொறுக்கும் வேலை செய்பவர். நானே வீட்டுக்குப் போய், இறாலைச் சாக்குச் சொல்லாமல், நடந்ததை நடந்தபடி சொன்னேன். வாந்தி எடுத்த பிள்ளையைத் திரும்ப உள்ளே படுக்கவைத்ததையும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "மறைக்காம வந்து சொன்னீங்களே, அது போதும்னு நான் சொல்ல மாட்டேன், சார். எம்புள்ள போயிருந்தா?" என்றார். எனக்குப் பதில் இல்லை. அவர் ஆற்றி வைத்த தேநீரைக் குடிக்காமல் வந்துவிட்டேன். தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்தேன். முகாம் இனி இல்லை என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு அக்டோபரில் அந்த அம்மா பள்ளிக்கு வந்தார். "இவன் மறுபடியும் மலைக்குப் போகணும்கிறான். போனா அடுப்ப யார் பாத்துக்குவா?"

"அடுப்பே வேண்டாம் அக்கா. முகாமே..."

"அடுப்பு இல்லாம குளிர்ல விறைக்கவா? யார் பாத்துக்குவா, அதச் சொல்லுங்க."

"நான்."

"நீங்க தூங்கிட்டா?"

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு நான் போன இடம் எங்கள் தோட்டப் பட்டறை. அங்கே ஓய்வு பெற்ற பிறகும் தினமும் வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். இளவயதில், எங்கள் தோட்டம் ரப்பராக இருந்தபோது, ஷீட்டுகளைக் காயவைக்கும் புகைக்கூண்டில் வேலை பார்த்தவர். இரவெல்லாம் விறகு தள்ளி, சூடு ஏறாமலும் இறங்காமலும் பார்த்து, ஒரு ஷீட்டுகூட தீப்பிடிக்காமல் காப்பது அந்த வேலை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "வாத்தியாரே, நெருப்புக்கு ரெண்டு வாசல் வேணும். கீழ ஒண்ணு காத்து வர, மேல ஒண்ணு புகை போக. நீங்க ரெண்டையும் சாத்திட்டுப் படுத்திருக்கீங்க" என்றார். புத்தகத்தில் நான் இருபது பக்கம் படித்தது அவ்வளவுதான்.

அவர் செய்து கொடுத்ததே இந்தத் தகர அடுப்பு. நான் கொண்டுபோன பழைய நீர்க்குழாயை அவர் தொடவில்லை. ஜிங்க் பூசிய இரும்பு வேண்டாம், சூடேறினால் கெட்ட புகை விடும், அதை வெல்டிங் செய்தாலே காய்ச்சல் வரும் என்றார். கறுப்பு இரும்புத் தகட்டில்தான் அடித்தார். புகைக்குழாய்களைப் பூட்டும்போது மேல் குழாயின் முனை கீழ்க் குழாய்க்குள் இறங்கும்படி பூட்டச் சொன்னார். நான் தலைகீழாகச் செய்து காட்டினேன், மழைக்கு அதுதானே சரி என்று. "ஈரக்கட்டை எரிஞ்சா குழாய்க்குள்ள தார் வடியும். உங்க மாதிரி பூட்டினா அது இடுக்கு வழியா வெளிய வந்து புள்ளைங்க தலையில சொட்டும்" என்றார். முதல் தீயைக் கூடாரத்தில் மூட்டாமல் திடலில் வைத்து மூட்டி, தகட்டிலிருந்த எண்ணெய் எல்லாம் நாறி எரிந்து போகும்வரை விட்டார். நானாக இருந்தால் நேரே மலைக்குத் தூக்கிப்போயிருப்பேன்.

குழாய் கூரையைத் தாண்டும் இடம்தான் பெரிய தலைவலி. துணியைக் குழாய் தொட்டால் கதை முடிந்தது. கென்வஸில் அகலமாகத் துளை வெட்டி, வெல்டிங் பட்டறையில் தீப்பொறிக்குப் போர்த்துவார்களே, அந்தக் கண்ணாடிநார்த் துணியை அதைச் சுற்றித் தைத்து, நடுவில் தகரத் தட்டு வைத்து, அதன் வழியே குழாயை விட்டோம். நைலான் கூடாரத்தில் எந்த நெருப்பும் கிடையாது என்று அன்றே முடிவாகிவிட்டது. நைலான் 220 டிகிரி வாக்கில் உருகும். எரிந்து உருகியது தோலில் விழுந்தால் ஒட்டிக்கொள்ளும். பையன்கள் போடும் பந்து விளையாட்டுச் சட்டைகளும் இதே இனம்தான் என்பதால், அடுப்புப் பக்கம் வருகிறவன் பருத்திச் சட்டை போட்டால்தான் உள்ளே விடுவேன்.

2010 நவம்பரில் மறுபடியும் அதே திடல். எல்லாம் சரியாக நடந்தது என்று எழுத ஆசைதான். முதல் நாளே கூடாரம் முழுக்கப் புகை. குழாய் குளிர்ந்து கிடக்கும்போது புகை மேலே ஏறாது என்பது எனக்குத் தெரியவில்லை. பெரியவருக்குக் கைப்பேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். ஒரு தாளைக் கொளுத்திக் குழாயின் அடியில் பிடித்து முதலில் அதைச் சூடாக்கச் சொன்னார். அப்படியே செய்தோம், இழுத்துக்கொண்டது. இரண்டாம் நாள் பொறி பறக்காமலிருக்கக் குழாய் வாயில் கட்டியிருந்த கம்பி வலை கரி பிடித்து அடைத்துக்கொண்டு மறுபடியும் புகை. அன்றிலிருந்து தீ மூட்டுமுன் வலையைக் கழற்றித் தட்டுவது ஒரு பையனின் வேலை. ஒருவன் குழாயைக் கையால் பிடித்துவிட்டான். இன்னொருவன் பற்பசை எடுக்க ஓடினான். எங்கள் லயத்தில் கிச்சாப்பும் தடவுவார்கள். இரண்டையும் விடாமல், ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கொப்புளம் சிறியதாகவே நின்றுவிட்டது.

நம் வீடுகளில் ஒட்டுப்பாலைப் போட்டு அடுப்பு மூட்டும் பழக்கம் இருந்ததே, அதை ஒரு பையன் தாத்தா வீட்டிலிருந்து பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தான்! அதன் கறுப்புப் புகைக்கு வலை ஒரு மணி நேரம் தாங்காது. பொட்டலத்தைப் பிடுங்கிப் பைக்குள் வைத்தேன். திறந்த வெளியில் கல்லடுப்பு மூட்ட அது உதவிற்று.

ஆனால் அந்த அம்மாவின் கேள்விக்கு இதெல்லாம் பதிலாகாது. நான் தூங்கிவிட்டால்? படித்ததில் என்னை அதிகம் பயமுறுத்தியது இதுதான்: புகைக்குழாய் வைத்த அடுப்பிலும் ஆபத்தான நேரம் தீ கொழுந்துவிட்டு எரியும் நேரமல்ல, அணையப் போகும் நேரம். சுவாலை அடங்கிக் கனல் மட்டும் கிடக்கும்போது குழாய் குளிர்ந்து இழுப்புக் குறைந்துவிடும். கனலோ வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். சூடு விடியும்வரை நிற்கட்டும் என்று காற்றுக் கதவைச் சாத்திவிட்டுப் படுப்பவர்கள் இந்த வேளையில்தான் அகப்படுகிறார்கள். ஆகவே எங்கள் அடுப்பு இரவு ஏழுக்கு மூட்டப்பட்டு, ஒன்பதுக்குப் பிறகு விறகு காணாது. பத்துக்குள் கனலையும் சாம்பலையும் இரும்பு வாளியில் அள்ளி வெளியே கொண்டுபோய் மண் கொட்டிவிடுவோம். சூடான அடுப்பில் தண்ணீர் ஊற்றுவது கிடையாது, ஆவி சீறி முகத்தில் அடிக்கும். மேல் துவாரமும் கீழ் துவாரமும் எவ்வளவு குளிர்ந்தாலும் திறந்தே இருக்கும். அடுப்பு வாசலுக்குக் குறுக்கே இராமல் பக்கத்தில் நிற்கும். நடுக் கம்பத்தில் ஒரு கத்தி கட்டித் தொங்கும். அது எதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தூங்கும்போது சூட்டுக்கு, வெந்நீர் நிரப்பிய போத்தல்களைக் காலுறைக்குள் போட்டுப் போர்வைக்குள் வைத்துக்கொள்வார்கள். விடியும்வரை இதமாக இருக்கும். இவ்வளவு எளிய காரியம் 2009-இல் என் மூளைக்கு எட்டவில்லை.

நெருப்பு இருக்கும் மூன்று மணி நேரமும் ஒரு பெரியவர் விழித்திருக்க வேண்டும், அவரோடு இன்னொருவரும் இருக்க வேண்டும் என்று எழுதி, அந்த அம்மாவிடம் காட்டினேன். பிறகு இந்த வாயுவைக் கண்டுபிடித்து அலறும் சிறு கருவி ஒன்றையும் வாங்கினோம். பேட்டரியில் ஓடுவது. சாதாரணப் புகை எச்சரிக்கைக் கருவி வேறு, இது வேறு. கடையில் கேட்டு வாங்க வேண்டும். கொரோனாக் காலத்தில் பலர் வீட்டில் வாங்கி வைத்த விரல் கருவியை இதற்கு நம்பிவிடாதீர்கள். இரத்தத்தில் இந்த வாயு ஏறியிருந்தாலும் அது எல்லாம் நன்றாயிருப்பதுபோல் எண் காட்டிவிடும். ஒரே இடத்தில் படுத்தவர்களுக்கு ஒரே நேரத்தில் தலைவலி, வாந்தி, காய்ச்சல் மட்டும் இல்லை என்றால், சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டு நிற்காமல் முதலில் வெளியே இழுத்துப் போட்டுவிட்டு 999-க்கு அழையுங்கள்.

படித்தவர்களே ஏமாந்த கதையும் உண்டு. 1934-இல் ரிச்சர்ட் பைர்டு என்ற அமெரிக்கக் கடற்படைத் தளபதி, தென் துருவப் பனியில் புதைத்த ஒரு சிறு குடிலில் வானிலையைக் குறித்துவைக்கத் தனியே தங்கினார். அடுப்பின் குழாய் மூட்டுகளிலிருந்தும், கம்பியில்லாத் தந்திக்கு வைத்திருந்த இயந்திரத்திலிருந்தும் இதே வாயு கசிந்து, பல வாரம் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாட்டிற்று. அவர் உதவி கேட்கவில்லை. அவர் அனுப்பிய தந்திக் குறிகள் தாறுமாறாக வருவதைத் தொலைவிலிருந்த தோழர்கள் கவனித்துச் சந்தேகப்பட்டு, ஆகஸ்டு மாதம் வந்து சேர்ந்தார்கள். இந்தக் கதையை ஐந்தாம் ஆண்டு வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பாட்டியின் குசினிச் சன்னல்தான் நினைவுக்கு வரும்.

பாட்டி இப்போது இல்லை. இருந்தவரையில் ஒவ்வொரு முகாமிலும் எங்களுக்கு முதல் நாள் சோறு அவர் கையால்தான். அந்த மண் அடுப்பை மறுபடியும் எங்களுக்கு இரவல் தரமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கேட்கும் துணிவும் எனக்கில்லை.

மெலிந்த பையன் இப்போது மெலிந்தவன் அல்ல. ஈப்போவில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை. முகாமுக்கு என்றால் விடுப்புப் போட்டுவிட்டு வந்துவிடுவான். அடுப்பின் கதவுக் கீல் உடைந்தபோது அவன்தான் மாற்றினான். கடந்த முறை நல்ல மழை. இரவு பத்து மணி. கனலை வாளியில் அள்ளி வெளியே கொண்டுபோனான். திரும்பிவந்து புறங்கையைத் தகட்டுக்கு அருகில் காட்டிச் சூடு பார்த்தான். மேல் துவாரத்துத் துணி காற்றில் மூடியிருந்தது. அதைச் சுருட்டிக் கட்டினான். சிறுவர்கள் போத்தல்களை அணைத்துக்கொண்டு தூங்கிவிட்டிருந்தார்கள். கம்பத்தில் அந்தக் கருவியின் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

"நீங்க படுங்க, சார்" என்றான். "நான் கொஞ்ச நேரம் உக்காந்திருக்கேன்."